பிரேக் மாஸ்டரின் வலதுகால்

பிரேக் மாஸ்டருக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்ட யாரோ ஒருவராகத்தான் இருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஸ்டீயரிங் ஒன்று, பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவருக்கு, இன்னொன்று பக்கத்து சீட்டில் இருக்கும் மாஸ்டருக்கு. மற்ற மாஸ்டர்கள் அந்த இரண்டாவது பிரேக்கை ஆபத்துக்கு மட்டும்தான் மிதிப்பார்கள். மிதித்தால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், கூடவே நாலு திட்டும் விழும். நம் மாஸ்டர் அந்த ரகம் இல்லை. வண்டி நகர்ந்த நொடியிலிருந்து அவருடைய வலதுகால் அந்தப் பிரேக்கின் மேலேயே குடியிருக்கும். பூவை மிதிப்பது போல மிதிப்பார். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வளைவில் வேகம் குறைந்தால் தன் சாமர்த்தியம் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். பாதி வழியில் இன்ஜின் அணைந்துபோனால் தன் தப்பு என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். மாஸ்டர் இரண்டு தரப்பையும் திருத்தப் போகமாட்டார்.

"தெரியற மாதிரி மிதிச்சா பயந்துடுவாங்க. தெரியாம மிதிக்கணும். அதுலதான் இருக்கு தொழில்," என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தொழில் அப்படி என்றால் ஆளும் அப்படித்தான். சுத்தமான சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்குவார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை தொங்குவார். பால் பாக்கெட்டை வாங்கினால் மூக்கருகே கொண்டுபோய், பால்காரர் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை வெள்ளையாக இருந்தால் ஏன் வெள்ளை, சிவப்பாக இருந்தால் ஏன் சிவப்பு. பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவார். அவர் மிதிக்கிற ஒவ்வொரு பிரேக்கையும் இவரும் தரையில் மிதித்துக்கொண்டே வருவார். இறங்கும்போது டிரைவரைவிட இவருக்குத்தான் அதிகக் களைப்பாக இருக்கும்.

இப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? அவர் மனைவி நடத்தினாள். ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரத்தம் எடுப்பதில் நல்ல கைராசி. ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது என்று நோயாளிகள் தேடி வருவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பிறருக்குத் தெரியாமல் காரியம் முடிப்பதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை என்று அவள் தம்பி கிண்டல் செய்வான். அந்தத் தம்பி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது கல்யாணமான புதிதில். சொல்லிக்கொடுத்தது வேறு யார், நம் மாஸ்டர்தான். அதே ஸ்கூல் வண்டியில். கிளம்புவாள், கொஞ்ச தூரம் போவாள், வண்டி செத்துப்போகும். மறுபடி சாவியைத் திருப்புவாள், மறுபடி சாகும். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். லைசென்ஸ் பரீட்சை அன்றைக்கு மட்டும் வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் இரக்கப்பட்டுப் பாஸ் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, லைசென்ஸை அலமாரியில் வைத்தவள் அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. "எனக்கும் காருக்கும் ஆகாதுங்க. நான் தொட்டாலே அணைஞ்சுடும்," என்று உறவுக்காரர்கள் கூடுகிற இடத்தில் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். மாஸ்டரும் சிரிப்பார்.

பல வருடங்கள் இப்படியே போன பிறகு, ஒருநாள் வாசலில் கிடந்த அவளுடைய செருப்பை மாஸ்டர் கையில் எடுத்துப் பார்த்தார்.

"லீவு நாள் ஆனா எங்க போயிட்டு வர?"

"தம்பி வீட்டுக்குத்தான். வேற எங்க போவேன்?"

"தம்பி வீட்டுக்கு நடந்து போனா ரெண்டு செருப்பும் ஒண்ணாத் தேயணும். உனக்கு வலது செருப்புல குதிகால் மட்டும் தேஞ்சிருக்கே. இது நடந்து தேஞ்ச தேய்மானம் இல்லையே."

அவள் கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கண்டுபிடிச்சுட்டீங்களா? தம்பியோட கார ஓட்டிப் பாக்கறேங்க. அவன் பக்கத்துல உக்காந்து போன்ல பேசிக்கிட்டே வரான், என்னைக் கண்டுக்கறதே இல்ல. ஆனா பாருங்க, அந்த வண்டி அணையவே மாட்டேங்குது. அதிசயமா இருக்கு."

"அது புது மாதிரி வண்டி. அணையாது," என்றார் மாஸ்டர். அவர் அதை நம்பியே சொன்னார். ஆனால் தனக்குத் தெரியாமல் ஏன் ஓட்டினாள் என்ற கேள்வி மனதில் முள்ளாக நின்றது.

கேள்விக்குப் பதில் சீக்கிரமே வந்தது. நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரத் தொலைவில் இருந்த அடுத்த ஊரில் புதிய ஆஸ்பத்திரி திறக்கிறார்கள். அங்கே லேபுக்கு முழுப் பொறுப்பாக வர முடியுமா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். இத்தனை வருடமும் அவள் பார்த்த வேலைக்கு வேறொருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இனி அவளே போடலாம். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துபோவதிலேயே தெரிந்தது. ஆனால் காலை வேலை தொடங்கும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார்தான் வழி. அதிலும் ஒரு சிக்கல். சில வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரி ஈரப் படிக்கட்டில் சறுக்கி வலது கணுக்காலை உடைத்துக்கொண்டிருந்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் காலை ஒரே கோணத்தில் அழுத்தி வைத்துக்கொண்டே இருந்தால் பந்தாக வீங்கிவிடும். ஊருக்குள் ஓட்டினால் பரவாயில்லை. நெடுஞ்சாலையில் ஆக்சிலேட்டரை ஒரு மணிநேரம் மிதித்துக்கொண்டே போக அவளால் முடியாது.

"அதுக்குத்தான் குரூஸ் கன்ட்ரோல் இருக்கே," என்றான் தம்பி. அவன் பெரிய வண்டி வாங்கிவிட்டான். பழையதை அக்காவுக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தான். சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு விளக்கினான். "இப்ப எண்பதுல போறீங்கன்னு வைங்க அத்தான். இந்த பட்டன அமுக்கினா வண்டி எண்பதையே பிடிச்சுக்கும். நீங்க கால எடுத்துடலாம். பிரேக்க லேசாத் தொட்டாப் போதும், உடனே விட்டுடும்."

"கால எடுத்துட்டு?"

"எடுத்துட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான்."

"அந்தக் கால எங்க வெக்கறது?"

"எங்க வேணா வைங்க அத்தான். உங்க கால்தானே," என்று சொல்லிவிட்டுத் தம்பி எழுந்து கை கழுவப் போனான்.

மாஸ்டர் சாவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காலை எடுத்த பிறகும் ஓடுகிற கார் நல்லதாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அது போகட்டும், நன்றாக ஓடுகிற வண்டியை எவனாவது கைமாற்றுவானா? அதுவும் மச்சினன்? வியாபாரி வேறு.

"நான் ஓட்டிப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நீ இந்த வண்டிய எடுத்துட்டு ரோட்டுக்குப் போகணும்," என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"சரி. ஆனா இந்த வாரத்துக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாகணும். வண்டி சரின்னா போறேன். இல்லன்னா இல்ல," என்றாள் அவள்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். மாஸ்டர் ஸ்டீயரிங்கில், அவள் பக்கத்தில். நெடுஞ்சாலை சவரம் செய்த கன்னம் மாதிரி வழுவழுவென்று கிடந்தது. எண்பதுக்கு வந்ததும் மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி எண்பதிலேயே போனது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, சந்தோஷத்தால் அல்ல. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவன் தன் மடியில் உட்கார்ந்து வண்டி ஓட்டுவது போல இருந்தது.

"போகுதுங்க!" என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பச்சை விளக்கு அணைந்தது. வண்டி தொய்ந்தது. பின்னால் வந்த லாரி ஹாரனைப் போட்டு அலறியது.

மறுபடி பட்டனை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது, கொஞ்ச தூரம் போனது, அணைந்தது. இன்னொரு தடவையும் அதே கதை. அவள் பச்சை விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்வையால் பிடித்து நிறுத்திவிட முடியும் என்று நம்பினாளோ என்னவோ. அது நிற்கவில்லை.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றார் மாஸ்டர். அவர் குரலில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். இருந்ததென்னவோ திருப்திதான்.

வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார், ஏதோ கருவியைச் செருகிப் பார்த்தார். பிறகு அவரே ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில் உட்கார, பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்பினார்கள். பச்சை விளக்கு அணையவே இல்லை. மெக்கானிக் காலைச் சீட்டுக்கடியில் மடக்கிவைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினார். மாஸ்டர்தான் பக்கத்து சீட்டில் வலதுகாலால் தரைவிரிப்பை நசுக்கிக்கொண்டே வந்தார்.

"நல்லாத்தானே மாஸ்டர் இருக்கு?"

"எனக்கு மட்டும் ஏன் அணையுது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? கோளாறு இருந்தாத்தானே சொல்ல முடியும்."

மாஸ்டர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். மெக்கானிக் மூக்கில் புத்தம்புதுக் கண்ணாடி. ஓரத்தில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரைக்கூட இன்னும் பிய்க்கவில்லை. அதில் மச்சினன் கடை முத்திரை. மாஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓ, சங்கதி இப்படிப் போகிறதா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஊரில் கண்ணாடிக் கடையே அது ஒன்றுதான் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் அன்று சண்டை வந்தது. அவர்கள் வீட்டுச் சண்டைகள் பாத்திரம் உருளாத சண்டைகள். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள், அவர் கேஸ் குமிழைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"வேலை வேண்டாம்னு சொல்லிடு. உன் தம்பியும் அந்த மெக்கானிக்கும் கூட்டு. ஓட்டை வண்டிய நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க."

"என் தம்பி என்னைச் சாகடிக்க வண்டி குடுப்பானா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"பின்ன எப்படிச் சொன்னீங்க?" மேசை துடைக்கும் துணி நின்றது. "உண்மையச் சொல்லுங்க. வண்டி சரியில்லையா, இல்ல நான் போறது சரியில்லையா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்று பட்டது. வாழ்நாள் முழுக்க அவர்தான் மற்றவர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார். தன்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புதிது. அது கொஞ்சமும் நன்றாக இல்லை.

"நான் ஏன் உன்னத் தடுக்கப் போறேன்? என் கண்ணால பாத்தேன், அணையுது. நீயும்தானே பாத்த?"

"பாத்தேன். அதனாலதான் கேக்கறேன். இன்னொரு தடவ போகலாம். தம்பியும் அவன் வண்டில பின்னாடியே வரட்டும். அவனும் பாக்கட்டும். அப்பவும் அணைஞ்சா நான் அன்னிக்கே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடறேன்."

மாஸ்டர் உடனே ஒத்துக்கொண்டார். மச்சினனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வண்டிகளும் கிளம்பின. பச்சை விளக்கு வழக்கம்போல எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. ஒவ்வொரு தடவை அணையும்போதும் மாஸ்டர் கண்ணாடியில் பின்னால் வரும் மச்சினனைப் பார்த்து முறைத்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போனில் என்ன சொல்வது என்று மனதுக்குள் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

சாலையோர டீக்கடை ஒன்றில் நிறுத்தினார்கள். தம்பி இறங்கி வந்த வேகத்திலேயே கேட்டான்.

"என்ன அத்தான், எதுக்கு சும்மா சும்மா பிரேக் போடறீங்க? முன்னாடி ஒரு வண்டியும் இல்லையே. கொஞ்ச தூரம் போறீங்க, பின்னாடி சிவப்பு லைட் எரியுது. மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி சிவப்பு லைட். எனக்குப் பின்னாடி ஓட்டறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

"நான் எங்கடா பிரேக் போட்டேன்?" மாஸ்டர் எகிறினார். "காலே வெக்கல. ஓ! அப்ப பிரேக் லைட்டும் தானா எரியுதா? அதுவும் கோளாறா? குரூஸ் ஒரு பக்கம், லைட் ஒரு பக்கம். மாப்ளே, இன்னும் என்னென்ன ஒளிச்சு வெச்சிருக்க இந்த வண்டில?"

தம்பி டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான். அவன் அக்கா மட்டும் தம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க. இன்னும் ஒரே ஒரு தடவ."

"எத்தன தடவ போட்டாலும்..."

"ஒரே ஒரு தடவங்க."

மறுபடி நெடுஞ்சாலை. மாஸ்டர் எண்பதுக்கு வந்தார், பட்டனை அமுக்கினார், காலை எடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. இந்த முறை அவள் விளக்கைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

ஆக்சிலேட்டரை விட்ட வலதுகால் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. போக்கிடம் தெரியாத கால். பிறகு யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், மெல்ல நகர்ந்து பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. நரம்பு பார்த்து ஊசி போட்டே பழகிய கண் அவளுடையது. பெருவிரல் பக்கம் அழுந்தியதைப் பார்த்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "உங்க கால் எங்க இருக்கு?"

"சும்மாத்தான் இருக்கு," என்றார் மாஸ்டர். சொல்லும்போதே செருப்பின் மெல்லிய அடியையும் மீறி உள்ளங்காலில் பிரேக்கின் ரப்பர் வரிகள் தட்டுப்பட்டன.

அவர் வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்தார். காலைத் தூக்கித் தன் பக்கம் இழுத்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். ஆக்சிலேட்டரில் கால் இருக்கும்வரை அவர் டிரைவர். அதை எடுத்துவிட்டால் அவர் பக்கத்து சீட்டு மாஸ்டர். சும்மா இருக்கிற காலுக்கு அவர் இத்தனை வருடமும் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அது விசுவாசமாகச் செய்திருக்கிறது. அதுவும் பூவை மிதிப்பது போல, ஓட்டுகிறவருக்கே தெரியாமல்.

"மச்சினன் இல்ல. மெக்கானிக்கும் இல்ல," என்றார் அசடு வழிய. சிரிக்கவும் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"நான் கத்துக்கிட்டப்பவும் இப்படித்தானா?"

மாஸ்டர் காலை மெல்லக் கீழே இறக்கினார்.

"வண்டி அணைஞ்சு அணைஞ்சு போச்சே. அது நான் இல்லையா?"

"எல்லாருக்குமே அப்படித்தான் மிதிப்பேன்..."

"நான் எல்லாரும் இல்லையே." அவள் குரல் உடைந்தது. "எனக்கு வரல வரலன்னு நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? சேந்து சிரிச்சீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க."

"உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான்..."

"ஒண்ணும் ஆகல. ஒண்ணுமே ஆகாமப் போச்சு. அதத்தான் சொல்றேன்."

லாரிகள் கடக்கும்போதெல்லாம் நின்றிருந்த கார் லேசாக ஆடியது. மாஸ்டருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. வண்டியையோ, மச்சினனையோ, புதுக் கண்ணாடியையோ அவர் சந்தேகப்படவே இல்லை என்று இப்போது அவருக்கே புரிந்தது. தன் கால் இல்லாமலும் இவள் போய்விடுவாள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாததற்கெல்லாம் கோளாறு என்று பெயர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பின்னால் வந்த தம்பி வண்டியை நிறுத்தி, என்ன ஏது என்று கேட்க இறங்கப்போனான். அக்கா கையைக் காட்டி அங்கேயே இருக்கச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவள் சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், பெல்ட்டை மாட்டினாள். அவசரமே படவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, எண்பதுக்கு வந்து, பட்டனை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. வலதுகாலை எடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பிரேக்குக்குப் பக்கத்தில், ஆனால் அதைத் தொடாமல் வைத்தாள். கணுக்காலை ஒருமுறை சுழற்றிவிட்டுக்கொண்டாள். வண்டி போனது. போய்க்கொண்டே இருந்தது.

மாஸ்டரின் கால் மட்டும் சும்மா இருக்குமா? முன்னால் ஒரு டிராக்டர் தெரிந்ததும் தரைவிரிப்பை அமுக்கியது. ஒரு வளைவு வந்ததும் அமுக்கியது. அங்கே பிரேக் கிடையாது, வெறும் தரைதான். ஆனாலும் சரக் சரக் என்று சத்தம் கேட்டது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், அவ்வளவுதான்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது போல வலது பாதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் கோபமாகத்தான் இருந்தாள், ஆனாலும் வந்துவிட்டது.

"ரொம்ப நேரம் அப்படி உக்காந்தா மரத்துப்போயிடும்," என்றாள்.

"மரத்துப்போகட்டும். அதுக்கு அதான் தண்டன."

புதிய ஆஸ்பத்திரி வாசல் வரை அவளே ஓட்டினாள். கேட்டுக்கு வெளியே ஒரு நிமிடம் நிறுத்தி, எந்த மாடியில் லேப் என்று விரலால் காட்டினாள். திரும்பி வரும்போதும் அவளே ஓட்டினாள். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவளே பிரேக் போட்டாள். மாஸ்டர் எண்ணிக் குறை சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தார் என்பது வேறு விஷயம்.

வேலையில் சேருகிற நாள் காலை, மாஸ்டர் அவளுக்கு முன்பே எழுந்து வாசலுக்குப் போனார். நான்கு டயரையும் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். பழக்கதோஷத்தில் குனிந்து பிரேக்கை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்தார். அவள் பையோடு வந்து, அவரை நகரச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"போயிட்டு வரேங்க."

"பாத்து..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். "போயிட்டு வா," என்றார்.

கார் தெருவில் நகர்ந்தது. தெருமுனை வளைவில் பால் வேன் ஒன்று எப்போதும் தலைதெறிக்கத் திரும்பும். இன்றைக்கும் அது திரும்புகிற சத்தம் மாஸ்டருக்குக் கேட்டுவிட்டது. கேட்டுக்கு வெளியே நின்றபடியே அவருடைய வலதுகால் தரையை ஓங்கி மிதித்தது. அதே நொடியில், தூரத்தில், காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பால் வேன் கடந்து போனது. விளக்கு அணைந்து கார் வளைவில் திரும்பியது.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்புக்கடியில் மண்தான் இருந்தது.